எடை அளவோடுதான் இருக்கிறது. சர்க்கரை ஏன் கூடியது?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 41. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரில் வங்கியில் வேலை பார்க்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 63 கிலோ. அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் என் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண்) 22.3 என்றும், அது இயல்பான அளவு என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அதே தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.0, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றும் இருக்கிறது. இடுப்பை நானே அளந்து பார்த்தேன், 94 செ.மீ. வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நடை, உடற்பயிற்சி என்று எதுவும் இல்லை. என் மனைவிக்கு வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 67 கிலோ. வீட்டில் மாடுகள் இருப்பதால் விடிந்ததிலிருந்து ஓயாமல் வேலை செய்வார். அவருடைய பி.எம்.ஐ. 26.8. ஓரிடத்தில் ‘அதிக எடை’ என்றும் இன்னோரிடத்தில் ‘உடல் பருமன்’ என்றும் சொன்னார்கள். ஆனால் அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாமே சரியாக இருக்கின்றன. இடுப்பு 82 செ.மீ. அவர் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை. மனம் உடைந்து இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். இந்தக் கணக்கை நம்பலாமா, கூடாதா? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் இது சரியாக வந்திருக்கிறது. அவருக்கு வயது 68, உயரம் 150 செ.மீ.; ஆறு மாதங்களுக்கு முன் 52 கிலோ இருந்தவர், தானாகவே குறைந்து இப்போது 46 கிலோவில் நார்மலுக்கு வந்துவிட்டார்.

மருத்துவர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், கடிதத்தின் கடைசி வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதுதான் அவசரமானது. உங்கள் தாயார் எடை குறைப்பதற்காக எதுவும் செய்யாமலேயே ஆறு மாதங்களில் ஆறு கிலோ இழந்திருக்கிறார். 52 கிலோவில் ஆறு கிலோ என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயற்சி ஏதுமின்றி, ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலே காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் முதியவர்கள் விஷயத்தில் மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். அவருடைய பி.எம்.ஐ. 23.1-லிருந்து 20.4-க்கு இறங்கியதால் இந்திய பி.எம்.ஐ. அட்டவணை அவரை ‘அதிக எடை’யிலிருந்து ‘இயல்பு’க்கு மாற்றிவிட்டது. குறைந்தது கொழுப்பா, தசையா, எதனால் குறைந்தது என்பதை அந்த அட்டவணை கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

கட்டுப்பாடின்றிப் போன சர்க்கரை நோய், தைராய்டு மிகையாகச் சுரத்தல், காசநோய், வயிறு, குடல் போன்ற உறுப்புகளில் புற்றுநோய், மனச்சோர்வு, பல் விழுந்து மெல்ல முடியாமற்போவது, சாப்பிட்டு வரும் ஏதோ ஒரு மாத்திரையால் பசி மங்குவது எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றை நேரத்தோடு கண்டறிந்தால் நன்றாகச் சரிசெய்ய முடியும். ஆகவே இந்த வாரத்துக்குள் அவரை ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த மாதம் எத்தனை கிலோ இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பசி, இருமல், மாலை நேரக் காய்ச்சல், மலம் கழிப்பதில் மாற்றம், தூக்கம் ஆகியவற்றைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே பொறுமையாகக் கேட்டு வையுங்கள். நம் வீடுகளில் வயதான பெண்கள் தங்கள் உபாதைகளைத் தாமாக முன்வந்து சொல்வது அரிது. தசை கரைந்து போவது அந்த வயதில் தடுமாறி விழுவதற்கும் எலும்பு முறிவதற்கும் வழிவகுக்கும் என்பதால், ‘மெலிந்தால் நல்லது’ என்ற பொது எண்ணத்தை அவருக்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

இனி உங்கள் கேள்வி. பி.எம்.ஐ. என்று வழங்கும் உடல் நிறைக் குறியெண், எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். உங்கள் உயரம் 1.68 மீட்டர், அதன் வர்க்கம் 2.82; 63-ஐ அதனால் வகுத்தால் 22.3. கணக்கில் பிழை இல்லை. இந்தக் கணக்கை முதலில் வகுத்தவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ப் கெட்லே. 1830-களில் இதை வகுத்த அந்தக் கணிதவியலாளர் ஒரு மருத்துவர் அல்லர். யாருக்கு நோய் வரும் என்று கண்டறிவதும் அவர் நோக்கமாக இருக்கவில்லை. பெருந்திரளான மனிதர்களின் உடல் அளவுகளில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று ஆராய்ந்தபோது, வளர்ந்த மனிதர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்பதைக் கண்டார், அவ்வளவுதான். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்து, எடையையும் உயரத்தையும் இணைக்கும் வெவ்வேறு கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, எளிமையானதும் ஓரளவு பொருந்துவதும் இதுவே என்று முடிவு செய்து, இப்போதைய பெயரையும் இட்டார்கள். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை என்பதையும், மக்கள் தொகையை ஆராய்வதற்கான கருவியாகவே அவர்கள் இதை முன்வைத்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே இந்த எண்ணுக்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள்: உங்கள் எடையும் உயரமும். அந்த எடையில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. கொழுப்பு தொடையில் இருக்கிறதா, வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றி இருக்கிறதா என்பதும் தெரியாது. உங்கள் உடல்நிலை முழுக்க, கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது.

உங்களுடைய 22.3 என்ற அதே எண்ணுக்கு மருத்துவ உலகில் ஒரு தனி வரலாறு உண்டு. 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பரான மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தது. அட்டவணையில் ஒரே கட்டத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு இன்னொருவரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு! இந்தியர்களின் உடலமைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை. யாஜ்னிக்கின் குழு புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தது. சராசரிப் பிறப்பு எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவர்களாக இருந்தும், தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சுமக்கும் இந்த அமைப்பு கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு அது சான்று.

கொழுப்பு வயிற்றுக்குள் சேர்வதால் என்ன கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தாளில் உள்ள மூன்று எண்களும் ஸ்கேன் முடிவும் ஒரே நிகழ்ச்சியின் நான்கு அடையாளங்கள். உணவில் மிஞ்சும் ஆற்றலைச் சேமித்து வைப்பதற்குத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசுதான் பாதுகாப்பான இடம். அந்தக் கிடங்கு சிலருக்குப் பெரிது, சிலருக்குச் சிறிது. சிறியதாக அமைந்தவர்களுக்கு, எடை அதிகம் ஏறுவதற்கு முன்பே அது நிறைந்து, மிச்சம் கல்லீரலிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும் படியத் தொடங்குகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. இரவில் உறங்கும்போது தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 ஆகிறது. அதே கல்லீரல் மிகுதியான கொழுப்பை ரத்தத்துக்கு ஏற்றி அனுப்புவதால் டிரைகிளிசரைடு 210 ஆகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டிய தசை, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குக் குறைவாகவும் சோம்பியும் இருப்பதால், மூன்று மாதச் சராசரி 6.0-க்கு வந்துவிடுகிறது. இந்தச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள்.

முகாமில் உங்கள் இடுப்பை அளக்காமல் விட்டது வருத்தத்துக்குரியது. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. உங்களுக்கு 94. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்ற இன்னொரு எளிய அளவுகோலின்படி நீங்கள் 84-க்குள் இருக்க வேண்டும், பத்து செ.மீ. தாண்டியிருக்கிறீர்கள். நீங்கள் அளந்த முறை சரிதானா என்று மறுபடி பார்த்துவிடுங்கள். பேண்ட்டின் அளவு இதற்கு உதவாது. பெரும்பாலோர் அதைத் தொப்பைக்குக் கீழே அணிகிறார்கள். கடைசி விலா எலும்பின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேல் இல்லாமல் தோலின் மீது, தரைக்கு இணையாக இன்ச் டேப்பைச் சுற்றி, இறுக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது.

சென்னையில் மருத்துவர் வி. மோகனின் தலைமையில் 2005-இல் வகுக்கப்பட்ட இந்திய சர்க்கரை நோய் அபாயக் கணக்கில் பி.எம்.ஐ. இடம்பெறவே இல்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கை மட்டுமே அது கேட்கிறது. 35 முதல் 49 வயதுக்கு 20, உங்கள் இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலையும் உடற்பயிற்சி இன்மையும் சேர்ந்து 30, பெற்றோரில் ஒருவருக்கு நோய் என்பதால் 10 என உங்களுக்கு 70 மதிப்பெண்கள் வருகின்றன. 60-ஐத் தொட்டாலே அதிக அபாயம். உங்கள் மனைவிக்கு வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உழைப்பு உண்டு, தனியாகப் பயிற்சி இல்லை என்பதால் 20, பெற்றோர் வகையில் எதுவும் இல்லை. ஆக 50, அதாவது நடுத்தர அபாயம். பி.எம்.ஐ. காட்டிய வரிசை இங்கே தலைகீழாகிவிடுவதைப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு பி.எம்.ஐ. பயனற்றது என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. அப்படிச் சொல்லும் காணொலிகள் இப்போது நிறையவே வருகின்றன. அவை செய்யும் கெடுதல் சிறியதல்ல. லட்சக்கணக்கானோரை எடுத்துக்கொண்டால், இந்த எண் ஏற ஏறச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவை கூடுகின்றன என்பதில் ஐயமே இல்லை. ஒரு தராசும் சுவரில் ஒரு அளவுகோலும் இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துவிடக்கூடிய எளிய அளவு இது. 35-ஐத் தாண்டிய ஒருவருக்கு உடலில் கொழுப்பு மிகுதியா என்று மேலும் சோதிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. குழப்பம் நேர்வதெல்லாம் 20-க்கும் 30-க்கும் இடைப்பட்ட பகுதியில். நம்மில் பெரும்பாலோர் இருப்பதும் அங்கேதான்.

உங்கள் மனைவிக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள் சொன்னதற்குக் காரணம் எல்லைக்கோடுகள் வேறுபடுவதே. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய்கள் தொடங்குவதால், 2004-இல் அந்த நிறுவனத்தின் வல்லுநர்கள் 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய கூடுதல் புள்ளிகளாகச் சேர்த்தார்கள். இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒருமித்து வெளியிட்ட வரையறையில் 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன் என்றானது. எனவே ஒரே 26.8 ஓரிடத்தில் ஒரு பெயரையும் இன்னோரிடத்தில் வேறு பெயரையும் பெற்றது. இருவருமே அவரவர் அட்டவணைப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

2025-இல் லான்செட் இதழ் அமைத்த பன்னாட்டு வல்லுநர் குழு இந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்த்திருக்கிறது. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் என்று சொல்லக் கூடாது, இடுப்புச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவாலும் அதை உறுதிசெய்ய வேண்டும் என்றது. கொழுப்பு மிகுதியால் உறுப்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களையும், கொழுப்பு மிகுதியாக இருந்தும் இன்னும் எந்தப் பாதிப்பும் இல்லாதவர்களையும் இரண்டாகப் பிரித்தது. உங்கள் மனைவி இரண்டாம் வகையின் தொடக்கத்தில் இருக்கிறார். அவருடைய நாள் முழுவதுமான உழைப்பு அவரைக் காத்து வருகிறது என்று நான் நம்புகிறேன். புல் அறுத்துச் சுமந்து, சாணம் அள்ளி, குடம் தூக்கும் உடலில் தசையின் பங்கும் கணிசமாக இருக்கும். ஆனால் அவருடைய இடுப்பு 80-ஐத் தாண்டிவிட்டது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் கொழுப்பு வயிற்றுப் பகுதிக்கு இடம் மாறும் என்பதால், இனி வரும் ஆண்டுகளில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதும், ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதும் தேவை. அதற்கு மேல் அவர் பயப்பட வேண்டியதில்லை.

அவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதை நான் ஏற்கவில்லை. காலை முதல் கடும் வேலை செய்யும் பெண் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரையும். அவரைக் காப்பது எதுவோ அதையே இழக்க நேரும். நம் பெண்களிடையே ரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். இரவில் அரிசியின் அளவைக் குறைத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் பருப்போ பயறோ, கீரை, காய், மோர் என்று எட்டு மணிக்குள் சாப்பிடட்டும். ‘உடல் பருமன்’ என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அவர் தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறார் என்றே உங்கள் வரிகளிலிருந்து புரிந்துகொள்கிறேன். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் உங்களுடையதைவிட நன்றாக இருக்கின்றன என்பதை நீங்களே அவரிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது சற்றுக் கடினமாக இருக்கலாம், ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் அதில் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல முந்தைய நிலையில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டபோது, நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! தராசின் முள் அசையாதபோதும் உள்ளே நிலைமை சீராகலாம் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது.

எனவே நீங்கள் கிலோவைத் துரத்த வேண்டாம். இரண்டு மூன்று கிலோ குறைந்தால் கல்லீரலுக்கு மிக நல்லது. அதைவிட முக்கியம் இடுப்பில் நான்கைந்து செ.மீ. இறங்குவது. வாரத்தில் ஐந்து நாட்கள், அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு நாட்கள் தசைக்கான பயிற்சியும் கட்டாயம் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தண்டால், தண்ணீர் நிரம்பிய குடத்தை இருபுறமும் மாறி மாறித் தூக்கி நடப்பது ஆகியவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. நடையை மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். உங்களைப் போல மெலிந்து தொப்பை உள்ளவர்களுக்கு இதுவே அதிகம் தேவை.

உணவில், நம் தட்டில் மாவுப்பொருள் மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, நம் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் அவித்த முட்டையோ சுண்டலோ போதும். மதியம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தைக் காயும் பயறும் மீனும் நிரப்பட்டும். வங்கியில் வேலைநேரத்தில் வரும் சர்க்கரை போட்ட தேநீரும் பிஸ்கட்டும் எத்தனை முறை என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மதுப் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கல்லீரலை முன்னிட்டு அதை முற்றிலும் நிறுத்துவதே சரி.

இப்போதைக்கு நீங்களாக எந்த மாத்திரையும் தொடங்க வேண்டாம். அருகில் உள்ள மருத்துவரிடம் ரத்த அழுத்தத்தையும் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையையும் பார்த்துக்கொண்டு, மூன்று மாதங்கள் கழித்து மூன்று மாதச் சராசரியையும் டிரைகிளிசரைடையும் மறுபடி எடுங்கள். சராசரி 5.7-க்குக் கீழே வந்தால் அதே பழக்கத்தைத் தொடருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும்; 6.0-இலேயே நின்றாலோ ஏறினாலோ மருந்து தேவையா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்தச் சோதனைக்குப் போகும் நாளில் காலையில் வெறும் வயிற்றோடு இடுப்பையும் அளந்து, தேதியோடு அந்தத் தாளிலேயே குறித்து எடுத்துச் செல்லுங்கள்.